தேர்தல் நேரத்தில் பேனல் என்னாகும்? அக்கா சொல்லும் டிப்ஸ்

தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: “எலெக்‌ஷன் முடியட்டும் மேடம்.” பதவி உயர்வுப் பேனலில் பெயர் இருக்கிறதா என்று கேட்டாலும் அதே பதில், சீனியாரிட்டி லிஸ்டில் பணியில் சேர்ந்த தேதி தப்பாக இருக்கிறது என்று சொன்னாலும் அதே பதில். தலையாட்டிவிட்டு வந்துவிடாதே, தங்கச்சி. அந்தப் பதிலில் பாதிதான் சரி. எது சரியான பாதி என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எத்தனை நாள் விஷயம் இது என்று பார். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16 அன்று தேதி அறிவித்தார்கள். தேர்தல் நடத்தை விதிமுறை அப்போதே அமலுக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப்பதிவு முடிந்தாலும், மற்ற மாநிலங்களில் கட்டம் கட்டமாக நடந்து, ஜூன் 4 அன்று எண்ணி, ஜூன் 6 அன்றுதான் விதிமுறை விலகியது. ஏறத்தாழ 12 வாரம். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு நிம்மதி நாலு நாள்தான். ஜூன் 10 அன்று விக்கிரவாண்டி இடைத்தேர்தலை அறிவித்துவிட்டார்கள். பேனலில் காத்திருப்பவருக்கு, அதிலும் ஓய்வு நெருங்கியவருக்கு, இந்த வாரங்கள் சின்ன விஷயமே அல்ல.

இப்போது, எது நிற்கும், எது நிற்காது?

நடத்தை விதிமுறையில் ஆளுங்கட்சிக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, ஏழாவது பகுதி. வாக்காளரை ஆளுங்கட்சி பக்கம் இழுக்கும்படியான தற்காலிக நியமனங்களைச் செய்யக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சீனியாரிட்டிப்படி, விதிப்படி வரும் பதவி உயர்வை நிறுத்து என்று அந்தப் பகுதியில் ஒரு வரியும் கிடையாது. அதற்கு மேல் தேர்தல் ஆணையம் கொடுத்திருக்கும் விளக்கங்களில், பணியாளர் தேர்வாணையம் போன்ற சட்டப்படியான அமைப்புகள் வழியாக நடக்கும் வழக்கமான தேர்வும் நியமனமும் பதவி உயர்வும் தொடரலாம் என்றே இருக்கிறது. அப்படியல்லாத அமைப்புகள் வழியாக ஆள் எடுப்பதற்குத்தான் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும்.

முழுத் தடை இருப்பது இடமாற்றத்துக்கு. அதுவும் தேர்தல் வேலையோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்புடையவர்களுக்கு. கலெக்டர், வருவாய் கோட்டாட்சியர், தாசில்தார், தேர்தல் பிரிவில் இருப்பவர்கள், எஸ்.பி., டி.எஸ்.பி. என்று அந்த வரிசை போகும். சிக்கல் முளைப்பது இங்கேதான். நம் ஊரில் பதவி உயர்வு என்றாலே பெரும்பாலும் ஊர் மாறும். உதவியாளர் துணை தாசில்தார் ஆனால் வேறு தாலுகாவுக்குப் போக வேண்டியிருக்கும். பதவி உயர்வைத் தடுக்காத விதிமுறை, அதன் கூடவே வரும் இடமாற்றத்தைத் தடுத்துவிடுகிறது. அலுவலகமோ இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்துவிடும்.

அதனால் நீ கேட்கும்போதே பிரித்துக் கேள். உன் வேலை தேர்தலோடு தொடர்புடையதா? இல்லையென்றால், எந்த உத்தரவின்படி நிறுத்தியிருக்கிறார்கள்? தொடர்புடையது என்றால், இருக்கிற இடத்திலேயே பதவி உயர்வு தர வழி உண்டா? அதுவும் முடியாதென்றால், ஆணையத்தின் முன் அனுமதிக்கு அனுப்பினார்களா? வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். ஒரு பக்கத்தில் மனு எழுதி, உரிய வழியாகக் கொடு. நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள். மனுவில் கோபம் வேண்டாம். பேனல் ஆண்டு, உன் வரிசை எண், காலிப் பணியிடம், நீ கேட்பது என்ன என்ற நான்கும் போதும்.

அந்த முன் அனுமதிக்கு வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில் ஒரு பரிசீலனைக் குழு இருக்கும். துறை தன் கருத்துருவை அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு ஏற்றுக்கொண்டால் தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாக டெல்லிக்குப் போகும். நீ தனியாக ஆணையத்துக்கு எழுதி இதை நகர்த்த முடியாது, துறைதான் அனுப்ப வேண்டும். ஆகவே உன் மனுவில், பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு வரியைத் தெளிவாகச் சேர்த்துவிடு. அவசரம் என்ன என்பதையும் எழுது. தேர்தல் முடியும் வரை ஏன் காத்திருக்க முடியாது என்ற காரணம் இல்லாத கருத்துரு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

ஓய்வு தேதி உள்ளே விழுகிறவர்களே, இதை இரண்டு முறை படியுங்கள். மார்ச்சிலிருந்து ஜூன் வரை நடத்தை விதி இருந்தால், ஏப்ரல் 30, மே 31 என்று ஓய்வுபெறுகிறவர்கள் அதற்குள் மாட்டிக்கொள்வார்கள். பேனலில் பெயர் வந்துவிட்டது, எப்படியும் பின்தேதியிட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இருந்துவிடாதீர்கள். 2024 நவம்பரில் மேற்கு வங்க அரசு தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அந்த வழக்கில் பதவி உயர்வு கேட்ட அதிகாரியின் பெயரைத் தேர்வாணையம் பரிந்துரைத்திருந்தது. அரசின் இறுதி ஒப்புதல் வருவதற்குள் அவர் 2016 டிசம்பர் 31 அன்று ஓய்வுபெற்றுவிட்டார். தாமதம் அவர் செய்ததல்ல. ஆனாலும், உயர் பதவியில் பொறுப்பே ஏற்காதவருக்கு ஓய்வுக்குப் பிறகு பின்தேதியிட்ட பதவி உயர்வு கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓய்வூதியக் கணக்கே மாறிப்போகிற விஷயம் இது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. நிர்வாகத்தின் தாமதத்துக்கு ஊழியர் ஏன் தன் கடைசிச் சம்பளத்தால் விலை கொடுக்க வேண்டும்? ஆனால் சட்டம் இன்று அங்கேதான் நிற்கிறது. ஆகவே தேர்தல் அறிவிப்புக்கு மாதங்களுக்கு முன்பே பேனல் வெளியாகிவிட்டதா என்று பார்த்துத் துரத்துங்கள். அறிவிப்பு வந்துவிட்டால், ஓய்வு தேதியைப் பெரிதாகக் குறிப்பிட்டு முன் அனுமதி கேட்டு எழுதுங்கள்.

உரிமை என்ற சொல்லைக் கையாளும்போதும் கவனம் வேண்டும். பதவி உயர்வு கிடைத்தே ஆக வேண்டும் என்ற உரிமை யாருக்கும் இல்லை. தகுதியுள்ளவரைப் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் உரிமை. அது அரசமைப்புச் சட்டத்தின் 14, 16 பிரிவுகளில் வரும் அடிப்படை உரிமை. காலியிடம் விழுந்த நாளிலிருந்தே உயர்வு வேண்டும் என்று கேட்க முடியாது என்பதை 2024 ஜூலையில் பீகார் மின்வாரிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மனுவில் எனக்குப் பதவி உயர்வு கொடுங்கள் என்பதைவிட, என் பெயரைப் பரிசீலித்து ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று எழுதினால்தான் அது நிற்கும்.

ஒரு கடிதத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே. தேர்தல் நேரம், தொலைவான ஊர், குழந்தைக்குப் பரீட்சை, இப்போதைக்கு வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது நல்லெண்ணத்தோடே சொல்வார்கள். அந்த ஒரு வரியைத் தற்காலிக உரிமைவிடல் என்று பதிவு செய்துவிட்டால், சில ஆண்டுகளுக்கு உன் பெயரைப் பேனலில் சேர்க்க மாட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். உனக்கு வேண்டியது சேருவதற்கு அவகாசம் மட்டும்தான் என்றால் அவகாசம் என்றே எழுது.

கையில் பதவி உயர்வு, இடமாற்ற ஆணை வந்து, பொறுப்பேற்பதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால்? தேர்தல் தொடர்புடைய அதிகாரி என்றால் இருக்கும் இடத்திலேயே தொடர வேண்டும், புதிய இடத்தில் பொறுப்பேற்க முடியாது என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. அறிவிப்பு எந்த நேரமும் வரலாம் என்ற மாதத்தில் ஆணை கைக்கு வந்தால், நல்ல நாள் பார்க்காமல் அன்றே போய்ச் சேர்ந்துவிடு.

தேர்தல் பணி பற்றியும் ஒரு வார்த்தை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, தேர்தல் பணியில் அமர்த்தப்பட்டவர்கள் அறிவிக்கை நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் வரை ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கருதப்படுவார்கள். ஒழுங்கு நடவடிக்கையும் அதில் அடங்கும். பயிற்சி வகுப்புக்குப் போகாமல் விட்டால் அது ஒரு நாள் லீவோடு முடியாது. ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)யின்படி குற்றச்சாட்டு குறிப்பாணை வரைக்கும் போகலாம். அது நிலுவையில் இருந்தால் பேனலில் உன் பெயர் தள்ளிப்போகும். உடம்பு முடியவில்லை என்றால் மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடு. ஆனால் உன் மேல் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், அதனால் நிறுத்தியிருக்கிறோம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. குறிப்பாணை வந்திருக்கிறதா என்று கேள். ஜானகிராமன் வழக்கில் 1991ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: பதவி உயர்வு முடிவை மூடிய உறையில் வைத்து நிறுத்த, முறைப்படி குற்றச்சாட்டு வழங்கியிருக்க வேண்டும். புகாரும் முதல்கட்ட விசாரணையும் போதாது.

உள்ளாட்சித் தேர்தல் என்றால் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதன் விதிமுறையும் தனி. மக்களவைத் தேர்தல் சுற்றறிக்கையைக் காட்டி நிறுத்தினால் ஏற்காதே.

விதிமுறை விலகிய மறுநாளே ஒரு நினைவூட்டு மனு கொடு. பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உன் மனுமேல் எடுத்த நடவடிக்கை, கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பினார்களா என்று கேள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் மேல் சென்னை உயர் நீதிமன்றம் இருக்கிறது, தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. வழக்கறிஞர் முதலில் கேட்பது முத்திரையோடு நீ வாங்கி வைத்த அந்த மனு நகலைத்தான்.