சுவரில் விரிசல் விட்டால் செலவு யாருக்கு?

கெடாவின் யான் வட்டாரத்திலிருந்து சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் பக்கம் அடுக்குமாடி வீடு வாங்கிப் போகிறவர்கள் கவனிக்க:

• சாவி வாங்கிய 24 மாதத்துக்குள் விரிசல், ஒழுகல் தெரிந்தால் செலவு மேம்பாட்டாளருடையது. படமெடுத்து, எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்தாக வேண்டும்.

• தூண், கூரை, லிஃப்ட், படிக்கட்டு எல்லாருக்கும் பொது, செலவும் பொது. பராமரிப்புக் கட்டணத்தோடு, பொதுவாக அதில் 10 விழுக்காடு சேமநிதிக்கும் கட்டுகிறோம். பெரிய பழுதுக்கு அந்தப் பணம்தான் கைகொடுக்கும், பாக்கி வைக்காதீர்கள்.

• உட்கூரையில் ஈரக்கறையா? நிர்வாகத்துக்கு எழுதுங்கள், 7 நாளில் சோதிக்க வேண்டும். வேறு காரணம் நிரூபணமாகாதவரை மேல்வீட்டுக்காரரே பொறுப்பு.

• நிர்வாகம் இழுத்தடித்தால் ஊராட்சி மன்றத்தின் கட்டட ஆணையரிடம் போங்கள்.

1993இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 உயிர் போனது. விரிசலைப் பார்த்த அன்றே எழுதுங்கள்.