நோய் தீர்க்கும் நீர்: நம்பிக்கையும் மருத்துவமும்

சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் நாங்கள் கிராண்ட்பாஸிலிருந்து திருகோணமலைக்குச் சென்றபோது வாப்பும்மாவும் வந்தார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு, "முழங்கால் நோவே இல்ல மகள்" என்றார். வீடு திரும்பியதும் சீனி வருத்தத்துக்கான குளிசைகளையும் எங்களுக்குச் சொல்லாமலே நிறுத்திவிட்டார். அடுத்த கிளினிக்கில்தான் சீனி ஏறியிருப்பது தெரிந்தது. அவரது நம்பிக்கையில் எது சரி, எது பிழை என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கன்னியாவில் சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறுபடும். வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பார்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது இந்துக்களின் ஐதீகம். மூட்டுநோ, வாதம் தீருமென்று எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். நிலத்தின் ஆழத்துக்கு இறங்கும் நீர் அங்கே சூடேறி, பாறை வெடிப்புகளினூடே மேலெழுவதே இந்த வெந்நீர் என்கிறது அறிவியல்.

இத்தகைய நம்பிக்கை பல இடங்களில் உண்டு. யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் நீராடி, குதிரைமுகம் நீங்கப் பெற்றாள் மாருதப்புரவீகவல்லி என்பது கதை. நாகூர் தர்காவின் குளத்துக்கு 'ஷிபா குண்டா' என்று பெயர். ஷிபா என்றால் நோய் குணமாதல். தொலைவிலுள்ள அயர்லாந்திலும் புனிதக் கிணறுகளைப் பிரார்த்தனையுடன் வலம் வந்து, அருகிலுள்ள மரத்தில் துணித்துண்டு கட்டுவார்கள். துணி உக்க உக்க நோயும் போய்விடுமாம்.

இவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்து ஒதுக்க முடியாது. வெந்நீர் தசைகளைத் தளர்த்தி, இரத்தவோட்டத்தைக் கூட்டி, நோவைச் சிறிது நேரம் குறைக்கும். ஆகவே வாப்பும்மா சொன்னது பொய்யல்ல. ஆனால் இரத்தத்திலுள்ள சீனிக்கு அது மருந்தாகாது. அதுமட்டுமன்றி, நீண்டகாலச் சீனி வருத்தத்தால் காலில் உணர்வு குறையலாம். அப்படியானவர்களுக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்து புண்ணாகிவிடும்.

நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இதை எடுத்துச் சொன்னபோது வாப்பும்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப குளிசையையும் போடுறன், கன்னியாவுக்கும் கூட்டிப் போங்க" என்றார்.

அன்பின் சகோதரிகளே, உங்கள் வீட்டு மூத்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்களின் குளிசைப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.