கடிதத்தை மடித்து வைக்காதீர்கள்

பிரிட்டனில் மின்சாரக் கடன் ஏறிய வீட்டுக்கு வந்து இப்போது பெரும்பாலும் யாரும் கரண்டை வெட்டுவதில்லை. முற்பண மீட்டரை மாட்டிவிடுகிறார்கள். காசு தீர்ந்த அன்று வீடு தானாக இருளும். நிறுவனம் துண்டித்ததாகக் கணக்கில் ஏறாது. நோயாளிகள் இருந்த வீடுகளுக்குள்ளும் வலிந்து நுழைந்து இந்த மீட்டரை மாட்டியதை 2023 பெப்ரவரியில் ஒரு நாளிதழ் அம்பலப்படுத்தியது. அதன்பின் ஆஃப்ஜெம் என்னும் கட்டுப்பாட்டு அமைப்பு கொண்டுவந்த விதிகள் அவ்வாண்டு நவம்பரில் கட்டாயமாகின. (வட அயர்லாந்தின் ஏற்பாடு வேறு.) விதிகள் நல்லவைதான். ஆனால் வீட்டில் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்று நிறுவனத்துக்குத் தெரிந்தால்தான் அவை காக்கும். நம்மவர்களோ கடனையும் நோயையும் மறைத்தே பழகியவர்கள்.

ஆகவே முதலில் நிறுவனத்தைக் கூப்பிட்டு, 'பிரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்' என்னும் முன்னுரிமைப் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இலவசம். முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள் மட்டுமல்ல, ஆங்கிலம் சரியாக வராதவர்களும் சேரலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்து அம்மாவின் வருத்தத்தைச் சொல்லவைப்பது பாவம். 'உடம்பு சரியில்லை' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மூச்சுக்கருவியா, வீட்டில் டயாலிசிஸா, அதைச் சொல்லுங்கள். மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியை நம்பியிருப்பவர், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, துணையில்லாத, 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருக்கும் வீடுகளில் சம்மதமின்றி முற்பண மீட்டர் மாட்டக்கூடாது. பேசிய தேதியையும் பேசியவர் பெயரையும் குறித்து வையுங்கள்.

அடுத்து, கடிதங்கள். வலிந்து மாட்டுவதற்கு முன் நிறுவனம் குறைந்தது 10 முறை உங்களைத் தொடர்புகொள்ள முயன்றிருக்க வேண்டும். பிரிக்காத உறையும் அந்தப் பத்தில் ஒன்று. வீட்டுக்குள் நுழைய நிறுவனம் அனுமதி கேட்கும் நீதிமன்றத் தேதி போட்டுக் கடிதம் வந்தால் அன்றே அழைத்து, வீட்டு நிலையைச் சொல்லி, தாங்கக்கூடிய தவணை ஒன்றைக் கேளுங்கள். விசாரணைக்கு நேரில் போய் மறுக்கவும் செய்யலாம். ஸ்மார்ட் மீட்டர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: யாரும் கதவைத் தட்டாமல் தூரத்திலிருந்தே அதை முற்பணத்துக்கு மாற்றிவிடலாம். அதற்கும் இதே விதிகள்தான்.

மீட்டர் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? வீட்டின் நிலைக்கு அது பொருந்தாது என்றால் கழற்றக் கேளுங்கள். அதுவரை, மீட்டரில் காசு போட்டு டாப்-அப் செய்யும்போதெல்லாம் பழைய கடனுக்குப் பிடிக்கும் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். உங்களால் எவ்வளவு முடியும் என்பதைப் பார்த்தே அதை வைக்கவேண்டும். பலர் ஏமாறும் இடம் கேஸ் மீட்டர். கோடையில் அடுப்பும் ஹீட்டரும் ஓடாவிட்டாலும் அன்றாட நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். குளிர் தொடங்கி முதல் பத்து பவுண்டைப் போட்டதும் அது அந்தப் பாக்கிக்கே போய்விடும், ரேடியேட்டர் சூடாகாது. அதனால் ஜூலையிலும் கொஞ்சம் போட்டு வையுங்கள். மீட்டரில் உள்ள அவசரக் கடனும் தீர்ந்துவிட்டால், நிறுவனத்திடம் 'அடிஷனல் சப்போர்ட் கிரெடிட்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அதுவும் பின்னால் கட்டவேண்டிய காசுதான், ஆனால் அன்றிரவு வீடு குளிராது. உணவு வங்கிகள் சிலவற்றில் எரிபொருள் வவுச்சரும் கிடைக்கும்.

நிறுவனம் அசையவில்லையா? முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் எனர்ஜி ஆம்புட்ஸ்மன் என்னும் நடுவரிடம் போகலாம், செலவில்லை.

டாப்-அப் செய்யும் மூலைக்கடைகள் பலவற்றில் கல்லாவில் இருப்பவர் நம்மவர்தான். ஜனவரியில் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு தடவை இரண்டிரண்டு பவுண்டாகப் போட்டால் அந்த வீட்டு நிலை முதலில் தெரிவது அவருக்கே. கடைக்காரர்களே, காரணம் எதுவும் கேட்கவேண்டாம். இங்கிலாந்தில் என்றால், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்னும் ஆலோசனை அமைப்பின் 0808 223 1133 என்ற இலவச எண்ணை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.