கன்னியாகுமரி வந்தாச்சு... சைக்கிள் டோம்பிவிலி சேரணுமே!

காஷ்மீரிலிருந்தோ மும்பையிலிருந்தோ குழுவாக மிதித்து வருபவர்களே, கடைசி நாளில் அவசரம் ஆகாது. திருநெல்வேலி – கன்னியாகுமரி சுமார் 85 கி.மீ.தானே என்று நினைக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்று ஆளையே தள்ளும். அங்கே காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. விடியுமுன் கிளம்புங்கள். மெதுவாக மிதிப்பவரை முன்னால் விட்டால் எல்லோரும் ஒன்றாகப் போய்ச் சேரலாம்.

மும்பை பக்கத்து டோம்பிவிலிக்கு ரயிலில் திரும்பும்போதுதான் வேலையே. பயண டிக்கெட்டோடு பார்சல் ஆபீசுக்குப் போங்கள். பத்து சைக்கிள் என்றால் முந்தின நாளே சொல்லி வையுங்கள். சாமான் ஏற்றும் பிரேக் வேனில் இடம் கொஞ்சம்தான். லைட், மீட்டர், பம்பு, பாட்டில் எல்லாம் கழற்றிப் பைக்குள். பின்சக்கரத்துக் கியர் பகுதிக்கு அட்டை வைத்து, மொத்தத்தையும் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள். பெயர், போன் நம்பர், சேரும் ஸ்டேஷன் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டினால், ஒன்று கிழிந்தாலும் கவலையில்லை. ரசீது பத்திரம்!

வெளியூர் ரயில் டோம்பிவிலியில் நிற்பது அபூர்வம். வண்டி அருகிலுள்ள கல்யாணில் பார்சல் இறக்கும் அளவுக்கு நிற்குமா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் மும்பைவரை போய் எடுத்து வர வேண்டியதுதான். கல்யாணில் இறங்கிவிட்டால் வீட்டுக்கு ஆறேழு கி.மீ., மிதித்தே போய்விடலாம்.

வீடு சேர்ந்த பிறகு, ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்ததில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தால் சில நாள் ஓய்வு கொடுங்கள். இரண்டு வாரமாகியும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.