ஒழுகும் ஜன்னலும் ஒரு கம்பியும்



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சென்ற விடுமுறையில் கொச்சியில் ஒரு படகுப் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே உடைத்துக் கற்ற பாடம் இது.

பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று வந்தது. கேபினின் இருபுறமும் மீட்டர் நீள அக்ரிலிக் ஜன்னல். மழை பெய்தால் படுக்கையில் சொட்டும். கழற்றி, புது சீலன்ட் வைத்து மாட்ட வேண்டும். ஸ்க்ரூக்களை எடுத்தேன்; ஜன்னல் அசையவில்லை. "ஒழுகத் தெரியுது, வரத் தெரியலையா?" என்று ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். 'டப்'! அக்ரிலிக்கில் விரிசல், ஃபைபரின் மேல்பூச்சும் பெயர்ந்தது. கல்லூரிக்கு எழுதிவிடுவார்களோ என்று கை நடுங்கியது.

மேஸ்திரி தூத்துக்குடி அண்ணாச்சி. "என்னலே மல்லுக்கட்டுத? பிடுங்கப்படாது தம்பி, அறுக்கணும்" என்றவர், இரண்டு மரப்பிடி போட்ட மெல்லிய எஃகுக் கம்பியை எடுத்தார். எனக்குத் திக்கென்றது. சோப்புக் கம்பெனியில் எங்க அம்மா கட்டி அறுப்பது இதே மாதிரிக் கம்பியால்தான்!

ஏன் ஒழுகுகிறது?

வெப்பம் 30 டிகிரி கூடினால் மீட்டர் நீள அக்ரிலிக் சுமார் 2 மி.மீ. நீளும். ஃபைபர் அவ்வளவு நீளாது. ஸ்க்ரூவை இறுக்கி முடுக்கினால் சீலன்ட் பிதுங்கி, காகிதம்போல் மெலிகிறது. மெலிந்தது இழுபடாது, ஓரிடத்தில் கிழியும். அந்த ஓரிடம் போதும், தண்ணீர் வர. மற்ற இடமெல்லாம் உடும்புப் பிடிதான்!

எப்படிக் கழற்றுவது?

1. வெளியே பிதுங்கிய சீலன்ட்டைக் கத்தியால் சீவுக.
2. ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டே, கை பொறுக்கும் சூடு மட்டும் காட்டுக.
3. மூலையில் துளையிட்டுக் கம்பியை நுழைத்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் மாறி மாறி இழுக்க. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.
4. அறுத்த இடத்தில் சின்ன மர ஆப்பு வைத்துக்கொண்டே போக.
5. பழைய பசையை முழுக்கச் சுரண்டுக. சிலிக்கான் மிச்சமிருந்தால் வேறு சீலன்ட் ஒட்டாது. ஃபைபரை அசிட்டோனால் துடைக்கலாம். அக்ரிலிக்கில் பட்டால் நுண்விரிசல் விழும்.

மாட்டும்போது துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, இடையில் 3 மி.மீ. ரப்பர் துண்டு வைத்தோம். சீலன்ட் தடிமனாக நின்றால்தான் ஜன்னலோடு சேர்ந்து நீளும்.

இரண்டாவது ஜன்னல் முழுசாக வந்தது. உடைந்ததை அச்சாக வைத்துப் புதியது வெட்டினோம். அதன் விலையை என் படியில் பிடித்தார்கள், நியாயம்தானே.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "கம்பி சாயாம, அவசரப்படாம இழுக்கணும்டா. சாஞ்சா கட்டி வீணு" என்றார். அண்ணாச்சி சொன்னதும் அதேதான். நண்பர்களே, நாம் வகுப்பில் படிப்பதைக் கையால் தெரிந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். கேட்போம்!