மருந்தை வெல்லும் நுண்ணுயிர்

நுழையும்முன்

குழந்தையின் இருமல் வீட்டையே உறங்கவிடாது. அதைத் தணிக்கும் அவசரத்தில் கையிலெடுக்கும் மருந்தே, உயிர்காக்க வேண்டிய வேளையில் பயனற்றுப் போகலாம். எதிருயிரி மருந்துகளின் ஆற்றல் குன்றுவது ஏன்? அதைக் காப்பது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தருகிறது.

உரைநடை உலகம்

நிறைமதி நாளில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்கள் வெள்ளத்தால் நிறைகிறது. கார்த்திகைத் தீபத்தன்று அவ்வெள்ளம் பல இலட்சமாகப் பெருகுகிறது. அது மழையும் பனியும் கலந்த பருவம். இருமலிலும் தும்மலிலும் சிதறும் நுண்துளிகள் நெரிசலில் எளிதில் பரவுகின்றன. தந்தையின் தோளிலமர்ந்து தீபம் கண்ட குழந்தைக்கு இரண்டொரு நாளில் சளி பிடிப்பது வியப்பன்று.

அச்சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். எதிருயிரி மருந்து பாக்டீரியாவை அழிக்கும்; வைரஸை ஒன்றும் செய்யாது. ஆயினும், மருந்துச்சீட்டின்றி வாங்கிய எதிருயிரியோ, அண்ணனுக்குக் கொடுத்து மீந்ததோ குழந்தைக்குப் புகட்டப்படுகிறது. சளி தானே தணிகிறது. மருந்தால் தணிந்ததென்று வீட்டார் நம்புகின்றனர்.

தொண்டையில் தங்கும் விருந்தாளி

நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா நலமான குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் தங்கியிருப்பது இயல்பு. தமிழகச் சிற்றூர்களில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு மாத வயதிலேயே பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அது காணப்பட்டது. பெரும்பாலும் அது தீங்கு செய்வதில்லை. நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவையும், மூளையுறையை அடைந்தால் உயிருக்கு ஊறான அழற்சியையும் உண்டாக்கும்.

தேவையற்ற எதிருயிரி, மருந்துக்கு மசியும் பாக்டீரியாக்களை அழித்துவிடுகிறது. மசியாத சில எஞ்சிப் பெருகுகின்றன. உடன்பிறந்தோருக்கும் உடன்பயில்வோருக்கும் பரவுகின்றன. இங்கு எதிர்ப்புத்திறன் பெறுவது குழந்தையின் உடலன்று, பாக்டீரியாவே.

ஒரே ஆண்டில் இரு செய்திகள்

1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஃபிரெடரிக் கிரிஃபித், இறந்த நிமோகாக்கஸின் பண்பை உயிருள்ள நிமோகாக்கஸ் ஏற்கும் என்று காட்டினார். மருந்தை எதிர்க்கும் மரபணுவையும் அது இவ்வழியே பெற இயலும். மருந்தும் அதை வெல்லும் வழியும் ஒரே ஆண்டில் அறியப்பட்டன! குறைந்த அளவு மருந்து பாக்டீரியாவை எதிர்க்கப் பழக்கிவிடும் என்று 1945இல் தம் நோபல் உரையிலேயே ஃபிளெமிங் எச்சரித்தார்.

வேலூர் தந்த சான்று

1993 முதல் 1997 வரை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட ஆறு இந்திய மருத்துவமனைகள் நிமோகாக்கஸ் நோயைக் கண்காணித்தன. கண்டறியப்பட்ட பாக்டீரியாக்களில் பாதிக்கும் மேற்பட்டவை கோட்ரைமாக்சசோல் மருந்தை எதிர்த்தன. குழந்தைகளின் நிமோனியாவுக்கு அக்காலத்தில் பரவலாகத் தரப்பட்ட மலிவான மருந்து அது. பென்சிலினை ஓரளவு எதிர்த்தவையோ நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஒரு மருந்து கைநழுவியது. மற்றொன்று கைவசம் இருந்தது. இருப்பதைக் காப்பதே அவ்வாய்வு உணர்த்தும் பாடம்.

காக்கும் வழிகள்

நோயை வருமுன் தடுப்பது முதல் வழி. நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 ஜூலை முதல் தமிழகத்தில் இலவசமாக வழங்கப்படுகிறது; 6 வாரம், 14 வாரம், 9 மாதம் ஆகிய வயதுகளில் போடப்படுகிறது. தடுக்கப்பட்ட ஒவ்வொரு நோயும் மிச்சமான ஒரு மருந்து.

முறையாகப் பயன்படுத்துவது அடுத்த வழி. எதிருயிரிகள் பலவற்றை எச்1 அட்டவணையில் சேர்த்த விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அம்மருந்துகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இருமல் அனைத்தும் எளியவை அல்ல. ஓராண்டு நிறைந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ, 2 முதல் 12 மாதக் குழந்தை 50 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டாலும், மூச்சிழுக்கையில் மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போது மருத்துவர் தரும் எதிருயிரியே உயிர்காக்கும். அதைச் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் காட்டும் நெறி.

மலையுச்சித் தீபம் அணையாதிருக்க நாள்தோறும் நெய் வார்க்கின்றனர். மருந்தின் ஆற்றலும் அத்தகையதே; பலர் பேணினால்தான் நிலைக்கும்.

தெரியுமா?

எதிருயிரி முதலிய மருந்துகளின் அட்டைகளில் காணப்படும் செங்குத்தான சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டின்றி அவற்றை வாங்கக் கூடாது என்பதைக் குறிக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. வீட்டிலுள்ள மருந்து அட்டைகளில் சிவப்புக் கோடு உள்ளவற்றைப் பெற்றோர் துணையுடன் கண்டறிந்து பட்டியலிடுக.
2. 'மீந்த மருந்து' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.