பசு வெறுமனே நிற்கும் நாள்கள்

சந்தையில் கலப்பினப் பசுவை விலை பேசும்போது நம் அங்கத்தினர்கள் முதலில் கேட்பது, வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும் என்பதே. கடைசியாக ஈன்றது எப்போது, அதற்கு முந்திய ஈற்று எப்போது என்று கேட்பவர் அரியர். ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் லாபநஷ்டமோ பெரும்பாலும் இக்கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பசு, ஈன்ற பின் 300 நாள்களுக்குச் சராசரி 10 லிட்டர் கறக்கிறது. ஆனால் 18 மாதங்களுக்கு ஒருமுறையே ஈனுகிறது. மற்றொரு பசு 8 லிட்டரே கறக்கிறது. ஆயின் 12 மாதங்களுக்கு ஒருமுறை ஈனுகிறது. மூன்று ஆண்டுகளில் முன்னது இரண்டு ஈற்றில் 6,000 லிட்டரும், பின்னது மூன்று ஈற்றில் 7,200 லிட்டரும் தரும்; கன்றும் ஒன்று அதிகம். 300 நாள்களுக்குப் பிறகும் முதற்பசு சிறிது கறக்குமே என்பர். கறக்கும், அந்தப் பால் அதன் தீனிக்கே காணாது. பாவு ஏற்றாத தறியைப் போல அது நிற்க, மாட்டுக் கடனின் தவணை மட்டும் நிற்பதில்லை.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள். ஆகவே ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால், ஈன்ற மூன்று மாதங்களுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். சினைப்பருவம் சுமார் 21 நாள்களுக்கு ஒருமுறை வருகிறது. ஒருநாள் முழுவதும்கூட நீடிப்பதில்லை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் பாலும் போயிற்று. மந்தையில் நிற்கும் மாடு பிற மாடுகளின்மேல் தாவித் தன் நிலையைக் காட்டிவிடும். கொட்டிலில் தனியே கட்டிய மாடு எதன்மேல் தாவும்? எனவே விடியற்காலையிலும், இரவு உறங்கப் போகுமுன்பும் விளக்குடன் சென்று பார்ப்பது அவசியம். கத்துதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், திடீரெனப் பால் குறைதல், அறையிலிருந்து கண்ணாடி போன்ற வழுவழுப்பான திரவம் தொங்குதல் ஆகியவை அறிகுறிகள். சில பசுக்கள் கத்தாமலே பருவத்திற்கு வரும். இதனை ஊமைப் பருவம் என்பர். காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாட் காலையும் கருவூட்டல் செய்விப்பது முறை.

பருவமே வரவில்லையெனில் பழி பெரும்பாலும் தொட்டியைச் சாரும். ஈன்ற முதலிரு மாதங்களில் பால் விரைந்து ஏறுகிறது. தின்னும் அளவு அவ்வளவு விரைவில் ஏறுவதில்லை. குறைபடும் சத்தைப் பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்து ஈடுசெய்கிறது. விலா தெரிய மெலிந்த பசு எளிதில் சினை பிடிக்காது. வெறும் வைக்கோலில் நிறுத்தாமல், உடலைப் பேண ஒன்றரைக் கிலோ அடர்தீவனமும், அதன்மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும், நாள்தோறும் 50 கிராம் தாது உப்புக் கலவையும், பசும்புல்லும் கொடுக்க வேண்டும்.

பால் கூடுமென்று தலைமுறைதோறும் தூய ஜெர்சி விந்தையே கேட்பதும் நன்றன்று. பாதி ஜெர்சியான பசுவின் கன்று முக்கால் ஜெர்சி ஆகிறது. நம் வெயிலையும் எளிய தீனியையும் அது தாங்குவது கடினம், கருத்தரிப்பும் தளரும்.

ஈன்ற நாளையும், பருவங்கண்ட நாளையும், ஊசி போட்ட நாளையும் பால் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைக்கலாம். ஊசிக்குப் பின் 21ஆம் நாள் மீண்டும் கவனிக்க. பருவம் காணாவிடினும் சினையென்று நம்பி இருந்துவிடாமல், மூன்றாம் மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்க.